பெயரும் முகவரியும்: போர்க்காலத்தில் இரயில் அஞ்சல் ஊழியர்



தூது என்பது தமிழுக்குப் புதிய பொருளன்று. நெஞ்சைத் தூது விட்டனர் நம் புலவர்; தமிழையே தூது விட்டவரும் உண்டு. வறுமையால் ஊரைவிட்டு மதுரை சென்ற சத்திமுற்றப் புலவர், வானத்தில் பறந்த நாரையை அழைத்துத் தம் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பினார் என்பது கும்பகோணத்துப் பக்கத்துப் பிள்ளைகள் யாவரும் அறிந்த கதை. இந்த இலக்கியங்களில் எல்லாம் செய்தி அனுப்புவோர் பேசப்படுகின்றனர், பெறுவோர் பேசப்படுகின்றனர். நடுவே நின்று செய்தியைச் சுமந்த தூதுக்கு ஒரு நெஞ்சு உண்டா, அதற்கும் ஒரு செய்தி வேண்டியிருந்ததா என்று எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை இன்று நான் கேட்க விரும்புகிறேன். நான் பேச எடுத்துக்கொண்ட தூதர், ஓடும் இரயிலில் நின்றுகொண்டு பிறர் கடிதங்களைப் பிரித்த அஞ்சல் ஊழியர். அவர்கள் போர்க்களம் சென்றபோது அவர்களை ஒருவரோடொருவர் பிணைத்து வைத்தவை செய்திமடல்களும் தாள்களும்.

முதலில் அவர்களுடைய தொழிலைத் தெரிந்துகொள்வோம். இரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கடிதங்களைப் பிரித்துவிட்டால் காலம் மிச்சமாகும் என்ற எண்ணம் இங்கிலாந்தில் 1838ஆம் ஆண்டில் செயலுக்கு வந்தது. அமெரிக்காவில் 1864ஆம் ஆண்டில் சிக்காகோ நகரிலிருந்து புறப்பட்ட வண்டியில் இம்முறை நிலைபெற்றது. நம் நாடோ அமெரிக்காவுக்கும் ஓராண்டு முந்திக்கொண்டது. 1863ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் இடையே ஓடிய வண்டியில் கடிதம் பிரிக்கும் பிரிவு தொடங்கப்பெற்றது. பிற்காலத்தில் இது 'ரெயில்வே மெயில் சர்வீஸ்' என்று பெயர் பெற்று, மக்கள் நாவில் 'ஆர்.எம்.எஸ்.' என்று வழங்கலாயிற்று. கோட்டத்துக்கு ஓர் எழுத்து உண்டு. நம் காவிரிப் படுகைக்குரியது திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட 'டி' கோட்டம்.

அக்காலத்து இரவு வண்டியில் ஆர்.எம்.எஸ். பெட்டிக்குள் என்ன நடக்கும்? சிறு சிறு அறைகளாகத் தடுத்த மரத்தட்டு சுவரை ஒட்டி நிற்கும். அதன் முன் சார்ட்டர் நிற்பார். வண்டி ஆடும், விளக்கு ஆடும், அவருடைய கை மட்டும் தவறாமல் ஒவ்வொரு கடிதத்தையும் அதற்குரிய அறையில் போடும். சேர்ந்தவற்றைக் கட்டுகளாகக் கட்டிப் பையில் இட்டு, வாயைச் சணல் கயிற்றால் இறுக்கி, அரக்கு வைத்து முத்திரை குத்துவர். நிலையம் வந்ததும் மெயில் கார்டு பையை இறக்கி, அங்குள்ள பையை ஏற்றிக்கொள்வார். அவசரக்காரர்கள் ஓடிவந்து, கூடுதல் தபால்தலை ஒட்டிய 'லேட் பீஸ்' கடிதத்தை வண்டிப் பெட்டியிலேயே போட்டதும் உண்டு. ஒரு வண்டியில் சேர்ந்து போய்ச் சேர்ந்து திரும்பும் குழுவுக்குச் 'செட்டு' என்று பெயர். போய்ச் சேரும் ஊரில் ஓய்வு விடுதி ஒன்று இருக்கும். அங்கே சேர்ந்து சமைத்து, சேர்ந்து உண்டு, சேர்ந்து உறங்கி மறுநாள் வண்டி ஏறுவர். ஆகவே செட்டு என்பது ஏறத்தாழ ஒரு குடும்பம்.

இத்தொழிலுக்கு வேண்டிய முதற்பொருள் நினைவாற்றல். எங்கள் ஊர் திருவேட்டக்குடிக்கு ஒரு கடிதம் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற தலம். சிவபெருமான் வேடனாய் வந்ததாகத் தலவரலாறு கூறும் கடற்கரையூர். பெயர் தெரியாத சார்ட்டர் இதனை நாகப்பட்டினத்துக்குத் தெற்கே உள்ள வேட்டைக்காரனிருப்பு என்று எண்ணி அந்தப் பையில் போட்டுவிட்டால், கடிதம் கடலோரமாக ஊர் சுற்றி வரும். பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898ஆம் ஆண்டில் இருப்புப்பாதை இடப்பெற்றபின், காரைக்காலுக்குரிய பை பேரளத்தில் இறங்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். பக்கத்துப் பொறையாறும் தரங்கம்பாடியும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தவை என்பதும், கோட்டுச்சேரியும் திருநள்ளாறும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தவை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான ஊர்கள் அவர் நெஞ்சில் இருக்கும். ஊர்ப்பெயரை வாசித்ததும் அது எங்கே உள்ளது என்று சொல்வதே அவர் கல்வி. இதனை நினைவில் வையுங்கள். போர் இந்தக் கல்வியைத்தான் முதலில் பறித்தது.

இனிப் போர்க்களத்துக்கு வருவோம். படை சென்ற இடமெல்லாம் தபாலும் செல்ல வேண்டும் என்பதை ஆட்சியாளர் வெகுகாலத்துக்கு முன்பே உணர்ந்தனர். 1856ஆம் ஆண்டில் பாரசீகத்தின் புஷயர் துறைமுகத்துக்குச் சென்ற இந்தியப் படையோடு களத் தபால் நிலையங்கள் சென்றன. 1900ஆம் ஆண்டில் சீனத்துக்குச் சென்ற படைக்கும், 1914ஆம் ஆண்டில் தொடங்கிய முதல் உலகப்போரில் கடல்கடந்த படைகளுக்கும் இந்தியத் தபால்தலைகளிலேயே தனி எழுத்துகளை மேலச்சிட்டு அனுப்பினர். அம்முதற்போரில் இந்தியாவிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல்கடந்து சென்றனர்; எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். பிரான்சு, மெசபொட்டேமியா, எகிப்து, கிழக்கு ஆப்பிரிக்கா என எங்கும் இந்தியக் களத் தபால் நிலையங்கள் இயங்கின. அவற்றில் வேலை செய்தவர் யார்? தபால் இலாகாவிலிருந்தும் ஆர்.எம்.எஸ். பிரிவிலிருந்தும் சென்ற எழுத்தர்களும் சார்ட்டர்களுமே. துப்பாக்கி பிடித்தறியாத கைகள் அவை. ஆனால் கூடாரத்திலும் குண்டுவீச்சிலும் கடிதம் பிரிக்கத் தெரிந்த கைகள்.

போர்க்காலத் தபாலின் அளவை நம்மால் எளிதில் கற்பனை செய்ய இயலாது. முதல் உலகப்போரில் இலண்டன் மாநகரின் ரீஜெண்ட் பூங்காவில் மரத்தால் ஒரு பெருங்கூடம் எழுப்பிப் படையினர் தபாலைப் பிரித்தனர். அங்கு வேலை செய்தோரில் பெரும்பாலோர் பெண்கள். மிகுதியான காலத்தில் வாரம் ஒன்றுக்கு 1 கோடியே 20 இலட்சம் கடிதங்கள் அங்கே கையாளப்பெற்றன. உணவும் வெடிமருந்தும் போலவே கடிதமும் ஒரு போர்ப்பொருள் என்று தளபதிகள் கருதினர். வீட்டிலிருந்து கடிதம் வராத வீரன் சோர்வான், சோர்ந்தவன் போரிடான். கணக்கு இவ்வளவே.

ஆனால் போர்க்காலத் தபாலுக்கு ஒரு விதி உண்டு. படைவீரன் எங்கே இருக்கிறான் என்பது பகைவனுக்குத் தெரியலாகாது. ஆகையால் முகவரியில் ஊர்ப்பெயர் இராது. களத் தபால் நிலையத்தின் எண் மட்டுமே இருக்கும். நிலையம் படையோடு இடம் மாறும், எண் மாறாது. கடிதத்தின் உள்ளேயும் ஊர் பெயரைச் சொல்லலாகாது. தணிக்கை அதிகாரி படித்துப் பார்த்து, சொல்லத் தகாதது இருந்தால் மை பூசுவார். அல்லது கத்தரித்து எறிவார். வாழ்நாள் முழுவதும் ஊர்ப்பெயரையே கற்ற சார்ட்டர், இப்போது ஊரில்லாத கடிதங்களைப் பிரிக்கிறார். அவரே ஊரில்லாத முகவரியில் வாழ்கிறார். தன்னோடு ஒரே செட்டில் பதினைந்து ஆண்டு வேலை செய்த நண்பர் அடுத்த பாசறையில் இருந்தாலும் அவருக்குத் தெரிய வழியில்லை.

இவ்விடத்திலேதான் செய்திமடல் தோன்றுகிறது. படைக்குச் சென்ற ஊழியர் ஒவ்வொருவரும் ஊரில் தங்கியுள்ள ஒருவருக்குத் தம் எண்ணையும் நலத்தையும் எழுதுகின்றனர். அவர் அவற்றைத் தொகுத்து ஒரு தாளில் எழுதியோ அச்சிட்டோ எல்லோருக்கும் அனுப்புகிறார். சிதறிக் கிடந்தவர் அனைவரும் ஒரு தாளில் கூடுகின்றனர். அமெரிக்காவில் இரயில் அஞ்சல் ஊழியர் சங்கம் 'தி ரெயில்வே போஸ்ட் ஆபீஸ்' என்னும் மாத இதழை நடத்தி வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது படையில் சேர்ந்த அஞ்சல் ஊழியருக்கும் வண்டியிலேயே தங்கிய தோழருக்கும் இடையே சிறு செய்திமடல்களும் சென்று வந்தன. இங்கிலாந்தில் 1888ஆம் ஆண்டில் தொடங்கிய 'கிரேட் வெஸ்டர்ன் ரெயில்வே மேகசீன்' முதல் உலகப்போரில் களம் சென்ற இரயில்வே ஊழியரின் பெயர்களையும், பட்டம் பெற்றோர், மடிந்தோர் விவரங்களையும் இதழ்தோறும் வெளியிட்டது. பெல்ஜியத்து ஈப்ரே நகரில் 1916ஆம் ஆண்டில் இடிபாட்டுக்கிடையே கிடைத்த அச்சு இயந்திரம் ஒன்றைக் கொண்டு வீரர்களே 'தி வைப்பர்ஸ் டைம்ஸ்' என்ற நகைச்சுவைத் தாளை நடத்தினர்.

இம்மடல்களை இலக்கியம் என்று எவரும் கொண்டாடுவதில்லை. இன்னாருக்குப் பதவி உயர்வு. இன்னாருக்கு ஆண் குழந்தை. இன்னார் மருத்துவமனையில் உள்ளார். இன்னாருடைய புதிய எண் இது. இன்னாரிடமிருந்து மூன்று மாதமாகச் செய்தி இல்லை. மடலின் இலக்கணம் இவ்வளவே. எனினும் ஆழ்ந்து நோக்குங்கள். இது சார்ட்டருடைய தொழிலேயாகும். பெயரையும் முகவரியையும் பொருத்தி, உரிய அறையில் வைப்பதே அது. பிறருக்காக வாழ்நாள் முழுவதும் செய்த வேலையை அவர்கள் தமக்காக ஒருமுறை செய்துகொண்டனர்.

நம் நாட்டில் படையினருக்குரிய தாள் எது? 1909ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் 'பௌஜி அக்பார்' என்னும் வார இதழ் தொடங்கிற்று. முதல் உலகப்போரின்போது பிரான்சிலும் இங்கிலாந்திலும் இருந்த இந்தியப் படையினருக்காக 'அக்பார்-இ-ஜங்' என்னும் தாள் வெளியாயிற்று. இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படை 25 இலட்சம் பேராகப் பெருகியது; சென்னை மாகாணத்துத் தமிழர் பல்லாயிரவர் அதில் சேர்ந்தனர். ஆகவே 'பௌஜி அக்பார்' பல மொழிகளில் விரிந்து தமிழிலும் வெளிவந்தது. 1954ஆம் ஆண்டில் 'சைனிக் சமாச்சார்' என்று பெயர் மாற்றம் பெற்று, பின்னர்த் தமிழ் உள்ளிட்ட பதின்மூன்று மொழிகளில் வெளிவரலாயிற்று. பர்மாப் போர்முனையில் இருந்த நேசநாட்டுப் படையினருக்கு 1944ஆம் ஆண்டு ஜனவரி முதல் கல்கத்தாவிலிருந்து 'சியாக்' என்ற நாளிதழ் சென்றது. பிராங்க் ஓவன் அதன் ஆசிரியர்.

இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அரசாங்கம் நடத்திய தாள் மேலிருந்து கீழே வருவது. வெற்றிச் செய்தி அதில் பெரிதாக இருக்கும். தோல்விச் செய்தி சிறிதாக இருக்கும், அல்லது இராது. தோழர் நடத்திய மடலோ பக்கவாட்டில் செல்வது. அதற்குப் போரின் போக்கு முக்கியமன்று. நண்பன் உயிரோடு இருக்கிறானா என்பதே முக்கியம். முன்னது படையை ஒன்றாக வைத்திருக்க எழுதப்பட்டது. பின்னது மனிதரை ஒன்றாக வைத்திருக்க எழுதப்பட்டது. வரலாறு எழுதுவோனுக்கு இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டையும் ஒரே கண்ணால் படிக்கலாகாது.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் வாழ்ந்த ஓய்வுபெற்ற சார்ட்டர் ஒருவரிடம் நான் இதுபற்றிக் கேட்டதுண்டு. போரின்போது களத் தபாலில் பணிபுரிந்தவர் அவர். "ஐயா, அங்கே உங்களுக்குச் செய்தித்தாள் வருமா?" என்றேன். "வரும் தம்பி. ஆனால் நாங்கள் காத்திருந்தது அதற்கில்லை. எங்கள் செட்டு ஆட்கள் ஒரே கார்டில் ஆளுக்கு ஒரு வரி எழுதி அனுப்புவார்கள். கடைசி வரியில் மெயில் கார்டு கையெழுத்து மட்டும் போடுவார். அவருக்கு அவ்வளவுதான் எழுதத் தெரியும். அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் வண்டி இன்னும் ஓடுகிறது என்று தெரியும்" என்றார். அச்சு இல்லை, தலைப்பு இல்லை, ஆசிரியர் இல்லை. ஆயினும் செய்திமடலின் முழுப்பயனும் அந்த ஓர் அஞ்சலட்டையில் இருந்தது.

கடிதத்தின் எடையும் போர்க்காலத்தில் ஒரு சிக்கலாயிற்று. கப்பல்கள் மூழ்கின, விமானத்தில் இடம் குறைவு. ஆகவே கடிதத்தைப் படம் பிடித்துச் சிறு படச்சுருளாக அனுப்பி, போய்ச்சேர்ந்த இடத்தில் மீண்டும் தாளில் பெரிதாக்கிக் கொடுக்கும் முறை வந்தது. 'ஏர்கிராப்' என்ற இம்முறை 1941ஆம் ஆண்டில் கெய்ரோவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தொடங்கி, மறு ஆண்டில் இந்தியாவுக்கும் வந்தது. அமெரிக்கர் 1942ஆம் ஆண்டு ஜூன் மாதம் இதனையே 'வி-மெயில்' என்று தொடங்கினர். 1,50,000 ஒருபக்கக் கடிதங்களுக்கு 37 தபால் பைகள் வேண்டும். எடை 2,575 பவுண்டு. படச்சுருளாக்கினால் ஒரே பை. எடை 45 பவுண்டு. தாளின் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. செய்தித்தாள்களே பக்கங்களைக் குறைத்த காலத்தில், தோழர் மடல் ஒரே தாளில் சுருங்கியதில் வியப்பில்லை. சுருங்கியபோதும் பெயர்களை அவர்கள் விடவில்லை.

நிற்க. எங்கள் காரைக்கால் பகுதிக்கு அக்காலத்தில் நேர்ந்ததைச் சிறிது சொல்ல வேண்டும். இங்கே பிரெஞ்சுத் தபாலும் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியத் தபால் நிலையமும் இருந்தது. 1940ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தது. பிரெஞ்சிந்தியாவின் ஆளுநர் லூயி பொன்வேன் அவ்வாண்டு செப்டம்பரில் தெகோல் தலைமையிலான சுதந்திர பிரான்சின் பக்கம் சேர்ந்தார். பிரெஞ்சிந்தியத் தபால்தலைகளின்மீது 'சுதந்திர பிரான்சு' என்னும் பொருள்படும் பிரெஞ்சுச் சொற்கள் மேலச்சிடப்பெற்றன. தாமரைப்பூ வரைந்த புதிய தபால்தலையும் வந்தது. தலை மாறிற்று, கடிதம் செல்லவில்லை. பிரான்சிலிருந்த பிள்ளைக்கும் ஊரிலிருந்த தாய்க்கும் இடையே வழி அடைபட்டது. சைகோனில் வேலைபார்த்த காரைக்கால் மக்களின் நிலையும் அவ்வாறே ஆயிற்று. அந்நாடு சுதந்திர பிரான்சைச் சேராத நிர்வாகத்தின் கீழும் பின்னர் ஜப்பானியர் பிடியிலும் இருந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக 25 சொற்களுக்கு மேற்படாத செய்தி ஒன்றை அனுப்புவதே உலகெங்கும் இவ்வாறு பிரிந்த குடும்பங்களுக்கு எஞ்சிய வழி.

இதனினும் பெரிய இருள் ஒன்று உண்டு. நாகப்பட்டினத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி மலேயாவுக்குச் சென்ற காவிரிக்கரைத் தமிழர் எண்ணற்றோர். பினாங்கிலிருந்து வரும் கடிதமும் மணியார்டரும் பல வீடுகளின் அடுப்பை எரித்தன. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அன்று நின்ற தபால் 1945ஆம் ஆண்டில் போர் முடிந்த பின்னரே மீண்டும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதை ஒன்றை அமைத்தனர். 1943ஆம் ஆண்டு அக்டோபரில் அது முடிந்தது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட போர்க்கைதிகளும், இரண்டு இலட்சம் அளவிலான ஆசியத் தொழிலாளரும் அதில் உழைத்தனர். மலேயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோரில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். கைதிகளில் பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளரில் இறந்தோர் தொகை தொண்ணூறாயிரம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகின்றனர்.

இவ்விரு தொகைகளையும் ஒப்பு நோக்குங்கள். முதல் தொகை ஒரு கணக்கு. இரண்டாம் தொகை ஒரு மதிப்பீடு. ஏன் இந்த வேறுபாடு? போர்க்கைதிகளிடையே அதிகாரிகள் இருந்தனர். அவர்கள் இறந்தவர் பெயரையும் நாளையும் புதைத்த இடத்தையும் மறைவாகக் குறித்து வைத்தனர். அதனால் போருக்குப்பின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் கொண்ட கல்லறைத் தோட்டம் எழுந்தது. தொழிலாளர் பட்டாளமாகச் செல்லவில்லை, சிலர் குடும்பமாகவும் சென்றனர். அவர்களுக்குக் களத் தபால் எண் இல்லை, செய்திமடல் இல்லை, பெயர் எழுத ஒரு தோழர் இல்லை, எழுதத் தெரிந்தவரும் மிகச் சிலர். காலராவில் மடிந்தவர் காட்டிலேயே மறைந்தனர். மலேசியத் தமிழரின் முயற்சியால் 2023ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் அவர்களுக்கு ஒரு நடுகல் எழுப்பப்பெற்றது. நடுகல்லில் வீரன் பெயரையும் பீடையும் பொறிப்பது பண்டைத் தமிழர் வழக்கம். இங்கே கல் உண்டு. பொறிக்கப் பெயர்கள்தாம் இல்லை.

படையினருக்கும் எல்லா இடத்திலும் நீதி கிடைத்ததா என்றால், இல்லை. முதல் உலகப்போரில் மெசபொட்டேமியாவில் மடிந்தோருக்காக எழுந்த பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் ஆங்கிலப் படைவீரர் பெயர்கள் பொறிக்கப்பெற்றன; இந்தியப் படையில் அதிகாரிகள் நீங்கலாக ஏனையோர்க்குத் தொகை மட்டுமே பொறிக்கப்பெற்றது. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் அமைத்த குழு ஒன்று 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், இந்தியரும் ஆப்பிரிக்கரும் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் ஏனையோருக்கு ஒப்பாக நினைவுகூரப்படவில்லை என்றும், மேலும் 1,16,000 பேராவது பெயராலோ, எவ்வகையாலோ நினைவுகூரப்படவே இல்லை என்றும் ஒப்புக்கொண்டது. ஒரு பேரரசு தொகையை எழுதி நிறுத்திக்கொண்ட இடத்தில், சாதாரண ஊழியர்கள் தங்கள் மடலில் பெயரை எழுதினர். சிறு மடலின் பெருமை இதுவே.

போர் முடிந்தது. மிகுந்த வேலையும் ஏறிய விலைவாசியும் தபால் ஊழியரை வாட்டியிருந்தன. 1946ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் நாடெங்கும் தபால்காரரும் கீழ்நிலை ஊழியரும் வேலைநிறுத்தம் செய்தனர்; பிறரும் சேர்ந்தனர்; பொதுமக்கள் பலர் அவர்களை ஆதரித்தனர். ஊழியர் தம் பெயரால் ஒன்றுகூடத் தெரிந்துகொண்டமைக்கு அது ஓர் அடையாளம். சுதந்திர இந்தியாவில் களத் தபால் பணி வளர்ந்து, 1972ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் தனிப் படைப்பிரிவு ஆயிற்று. அதன் சின்னம் அன்னப்பறவை. நளனுக்கும் தமயந்திக்கும் இடையே தூது சென்ற அதே அன்னம்! அதன் ஊழியரில் பெரும்பகுதியினர் தபால் துறையிலிருந்தே செல்கின்றனர். ஊர்ப்பெயர் இல்லாமல் '56 ஏ.பி.ஓ.' என்றோ '99 ஏ.பி.ஓ.' என்றோ முகவரியிட்ட கடிதத்தைப் படையில் உறவினர் உள்ள வீட்டார் அறிவர். ஓடும் இரயிலில் கடிதம் பிரிக்கும் பணியோ தேய்ந்துவிட்டது. அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டிலும், இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டிலும் அது முடிவுற்றது. நம் நாட்டிலும் அவ்வேலை பெரும்பாலும் நிலையத்துக் கூடங்களுக்கு மாறிவிட்டது.

மாணவர்களே, இவ்வளவையும் கேட்டபின் நீங்கள் செய்யக்கூடியது யாது? வரலாறு என்பது தில்லியிலும் இலண்டனிலும் உள்ள ஆவணக்காப்பகங்களில் மட்டும் இருப்பதன்று. உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலும் அது இருக்கலாம். பழைய கடித உறை ஒன்று கிடைத்தால், உள்ளே இருப்பதைப் படிக்கும் முன் உறையைப் படியுங்கள். தபால்தலையில் எந்த நாட்டின் பெயர் உள்ளது? மேலச்சு உண்டா? முத்திரையில் நாள் தெரிகிறதா? ஆர்.எம்.எஸ். முத்திரையாயின் கோட்டத்து எழுத்தும் பிரிவின் எண்ணும் இருக்கும். கடிதம் எந்த வண்டியில் ஏறியது என்பதை அவை சொல்லும். களத் தபால் எண் இருந்தால், அந்த எண் எந்த ஆண்டில் எந்த இடத்தில் இருந்தது என்று ஆய்வாளர் தொகுத்த பட்டியல்கள் உண்டு. மறைக்கப்பட்ட ஊரை இன்று நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். உறையின் ஓரத்தில் ஒட்டுத்தாள் ஒட்டித் தணிக்கை முத்திரை குத்தியிருந்தால், அந்தக் கடிதத்தை மூன்றாம் மனிதர் ஒருவரும் படித்திருக்கிறார் என்று அறியுங்கள். எழுதியவர் அதனை அறிந்தே எழுதினார். ஆகவே எழுதாமல் விட்டவற்றையும் எண்ணிப் பாருங்கள். தபால்தலை அழகாக இருக்கிறதென்று உறையிலிருந்து கிழித்தெடுத்துவிடாதீர்கள். கிழித்தால் சான்றின் பாதி போய்விடும். பிறர் வீட்டுக் கடிதமாயின் அவ்வீட்டார் இசைவின்றிப் படிக்காதீர்கள்.

அதன்பின் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலிருந்து படைக்குச் சென்றவர், பிரான்சுக்கும் சைகோனுக்கும் சென்றவர், நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவுக்குச் சென்றவர், திரும்பி வந்தவர், திரும்பாதவர் ஆகியோரின் பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். பெயர், தெரு, தந்தை பெயர், சென்ற ஆண்டு, கடைசியாகக் கடிதம் வந்த ஆண்டு. ஐந்து நிரல்கள் போதும். ஒரு வகுப்பு ஒரு தெருவை எடுத்துக்கொண்டால், ஓராண்டில் ஒரு கிராமத்தின் செய்திமடல் உருவாகிவிடும். போரை நேரில் கண்டவர் ஏறக்குறைய மறைந்துவிட்டனர். அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளும் முதுமை எய்திவிட்டனர். எங்கள் திருவேட்டக்குடியில் இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகம் நிற்கிறது. உலகின் எம்மூலைக்கும் நொடியில் செய்தி அனுப்பும் கலையை அங்கே பிள்ளைகள் கற்கின்றனர். அந்தக் கலையோடு, யாருடைய செய்தி வந்து சேரவில்லை என்று கேட்கும் பழக்கத்தையும் அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஆடும் வண்டியில் நின்று ஒரு கடிதமும் தவறாமல் பார்த்துக்கொண்ட அந்த ஊழியர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.